வணிக நாளிதழில் விளம்பரம் தருமுன் வாசகர் விவரத்தாளைப் படிக்கும் முறை: தருமபுரி, கிருஷ்ணகிரி சிறுதொழில் நடத்துவோருக்கான வழிகாட்டி

வணிக நாளிதழ் ஒன்றின் விளம்பரப் பிரிவிலிருந்து உங்களுக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருந்தால், அதைத் தொடர்ந்து இரண்டு கோப்புகள் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். ஒன்று கட்டணப் பட்டியல், மற்றொன்று வாசகர் விவரத்தாள், அதாவது அந்த நாளிதழை எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் படிக்கிறார்கள் என்று சொல்லும் தாள். முதலாவதை எல்லோரும் கூர்ந்து படிக்கிறோம். இரண்டாவதை வண்ணப் படங்களுக்காகப் புரட்டிவிட்டு மூடிவிடுகிறோம். உண்மையில் பேரம் பேசுவதற்கு வேண்டிய அத்தனையும் இரண்டாவதில்தான் இருக்கிறது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்கையும் விற்பனையையும் சேர்த்துப் பார்த்துவரும் எனக்கு, அந்தத் தாளில் உள்ள எண்களை விளக்கிச் சொல்ல அருகில் ஆள் கிடைக்கவில்லை. கேட்டும் படித்தும் தடுமாறியும் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன். கிரானைட், உதிரிபாகம், மலர் ஏற்றுமதி, புளி வணிகம் என எந்தத் தொழிலில் இருப்பவருக்கும் இது பொருந்தும்.

கட்டுரையில் கணக்குக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்ட கட்டணங்களும் வாசகர் எண்ணிக்கைகளும் எடுத்துக்காட்டுக்கானவை மட்டுமே. எந்த நாளிதழின் உண்மையான கட்டணமாகவும் அவற்றைக் கொள்ள வேண்டாம்.

1. யாரிடம் சேர வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

வாசகர் விவரத்தாளைத் திறப்பதற்கு முன்பே, ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் விளம்பரத்தைப் பார்க்க வேண்டியவர் யார், அவர் எந்த ஊரில் இருக்கிறார், என்ன பொறுப்பில் இருக்கிறார் என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள். மாங்கூழ் ஆலைக்கு அது சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள பழச்சாறு நிறுவனங்களின் கொள்முதல் மேலாளர். ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்பவருக்கு அது பெரிய வாகன ஆலைகளின் கொள்முதல் பிரிவு. பாலக்கோட்டில் டிராக்டர் விற்பனை நிலையம் வைத்திருப்பவருக்கு அது சுற்றுவட்டார விவசாயி. மூன்றாமவருக்கு வணிக நாளிதழ் தேவையே இல்லை என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். அவர் மேற்கொண்டு படிக்காமல் தமிழ் நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்கான கட்டணத்தைக் கேட்கலாம்.

வெளிநாட்டுக் கொள்முதல்காரர்தான் உங்கள் இலக்கு என்றாலும் இந்திய வணிக நாளிதழ் பெரிதாக உதவாது. நம் பகுதி மாங்கூழ் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. அங்கே வாங்குபவர் நம்மைக் கண்டுபிடிப்பது அபெடா போன்ற ஏற்றுமதி அமைப்புகள் வழியாகவும், உணவுக் கண்காட்சிகள் வழியாகவும், தரகர்கள் வழியாகவும்தான்.

2. கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள்

விளம்பரப் பிரதிநிதி தானாக அனுப்புவது அழகுபடுத்திய சுருக்கம். அதோடு நிறுத்திக்கொள்ளாமல், கீழ்க்கண்டவற்றை மின்னஞ்சல் வழியாகவே கேளுங்கள். பேச்சில் கேட்டால் பேச்சில்தான் பதில் வரும்.

அ) ஏபிசி எனப்படும் ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ் வழங்கிய அண்மைச் சான்றிதழின் நகல். 1948-இல் தொடங்கிய இந்த அமைப்பு ஜனவரி–ஜூன், ஜூலை–டிசம்பர் என ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உறுப்பு நாளிதழ்கள் நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை பிரதி விற்றன என்று தணிக்கை செய்து சான்று தருகிறது. எல்லா நாளிதழும் இதில் உறுப்பினர் அல்ல. சில நாளிதழ்கள் சில பதிப்புகளுக்கு மட்டும் சான்று பெறுகின்றன. சான்று இல்லையென்றால் பட்டயக் கணக்காளர் சான்றாவது கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆ) வாசகர் விவரத்தாளின் அடிக்குறிப்புகளோடு கூடிய முழு வடிவம். எந்த ஆய்வு, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் கேட்டது, எந்த ஊர்களில் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

இ) பதிப்புவாரியான கட்டண அட்டை. சென்னை, பெங்களூரு, அனைத்திந்தியா எனத் தனித்தனியாக.

ஈ) உங்களுக்கு வேண்டிய பதிப்பின் அச்சு இதழ் ஒரு வாரத்துக்கு. இதைக் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே அனுப்பிவைப்பார்கள். அந்த வாரத்தில் உங்கள் தொழிலைச் சேர்ந்த வேறு நிறுவனங்கள் விளம்பரம் தந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தொடர்ந்து தருகிறவர் இருந்தால் அவருக்கு ஏதோ பலன் கிடைக்கிறது என்று கொள்ளலாம்.

இவற்றுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். அதற்குள் அடிக்குறிப்புள்ள தாள் வராமல், நாளையோடு சலுகை முடிகிறது என்ற செய்தி மட்டும் வந்தால், அந்தச் சலுகையை முடியவிடுங்கள்.

3. விவரத்தாளை வரிவரியாகப் படித்தல்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். வரிசையாகப் பார்ப்போம்.

விற்பனை வேறு, வாசகர் வேறு. விற்கும் பிரதியை எண்ணுவது ஏபிசி. படிக்கும் ஆட்களை மதிப்பிடுவது இந்திய வாசகர் கணக்கெடுப்பு, சுருக்கமாக ஐஆர்எஸ். ஒரு பிரதியை இரண்டு பேர் படிப்பதாக ஆய்வு சொன்னால், 30,000 பிரதி விற்கும் நாளிதழுக்கு 60,000 வாசகர் என்று வரும். விவரத்தாளில் உள்ள வாசகர் எண்ணை ஏபிசி எண்ணால் வகுத்துப் பாருங்கள். வணிக நாளிதழுக்கு விடை பத்து, பன்னிரண்டு என்று வந்தால், அந்த இரண்டு எண்களும் ஒரே காலத்தையோ ஒரே பதிப்பையோ சேர்ந்தவை அல்ல என்று சந்தேகப்படுங்கள். டீக்கடையில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்படும் தமிழ் நாளிதழுக்கு வரக்கூடிய பெருக்கம், அலுவலக மேசைக்குப் போகும் வணிக நாளிதழுக்கு வருவது கடினம்.

மொத்த வாசகர் வேறு, சராசரி இதழ் வாசகர் வேறு. ஐஆர்எஸ் இரண்டு வகை எண்களைத் தருகிறது. கடந்த ஒரு மாதத்தில் எப்போதாவது அந்த நாளிதழைப் பார்த்தவர் எல்லாம் மொத்த வாசகர் கணக்கில் வருவார். நேற்றைய நாளில் படித்தவர் மட்டும் சராசரி இதழ் வாசகர். முதல் எண் எப்போதும் பெரியது. ஆகவே விவரத்தாளின் முகப்பில் அதுவே பெரிய எழுத்தில் இருக்கும். உங்கள் விளம்பரம் ஒரு நாள் வருவது. அந்த ஒரு நாளில் படிப்பவரே உங்களுக்குக் கணக்கு. சிறிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஆண்டைப் பாருங்கள். ஐஆர்எஸ் ஆய்வில் 2019-ஆம் ஆண்டின் நான்காம் காலாண்டுக்கான அறிக்கை 2020 மே மாதத்தில் வெளியானது. பெருந்தொற்று வந்ததும் ஆய்வு நின்றுபோனது. அந்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்ட தாள் உங்கள் கைக்கு வந்தால், அது பெருந்தொற்றுக்கு முந்தைய வாசிப்புப் பழக்கத்தைக் காட்டுவது. அலுவலகங்கள் பிரதிகளைக் குறைத்ததும் பலர் கைப்பேசியில் படிக்க மாறியதும் அதற்குப் பிறகு நடந்தவை. பழைய எண் என்பதற்காகத் தாளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வயது, கல்வி, தொழில் விகிதங்கள் எண்ணிக்கையைப் போல அவ்வளவு வேகமாக மாறுவதில்லை என்பதால், விகிதத்தை அதிலிருந்தும் எண்ணிக்கையை அண்மைய ஏபிசி சான்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் வழக்கம்.

யார் செய்த ஆய்வு? நாளிதழே ஒரு நிறுவனத்தை அமர்த்தித் தன் சந்தாதாரர்களிடம் மட்டும் கேட்ட ஆய்வாகவும் இருக்கலாம். அதில் தவறில்லை, ஆனால் பதில் சொல்ல முன்வந்த சந்தாதாரர்களின் விவரம் என்பது எல்லா வாசகர்களின் விவரமும் அல்ல. அதுபோன்ற தாளில் ‘முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளோர் 62%’ என்ற வரி வந்தால், எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று பாருங்கள். 100 பேரிடம் கேட்டு 62% என்று வந்திருந்தால், புள்ளியியல் வழக்கப்படி உண்மை 52-க்கும் 72-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 400 பேரிடம் கேட்டிருந்தால் அந்த இடைவெளி பாதியாகும். ஐஆர்எஸ் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுக்கப்பட்டது. கேட்கப் பெரிய எண்தான். அதில் ஆங்கில வணிக நாளிதழ் படிக்கும் தமிழ்நாட்டுக்காரர் எத்தனை பேர் சிக்கியிருப்பார் என்று யோசித்தால் அது சட்டென்று சிறுத்துவிடும். போதாததற்கு, வாசலில் காவலாளி நிற்கும் அடுக்குமாடி வீடுகளுக்குள் கணக்கெடுப்பவர் நுழைவதே கடினம். வணிக நாளிதழ் வாசகர் பலர் இருப்பதோ அங்கேதான்.

விழுக்காடு மயக்கும். ‘எங்கள் வாசகரில் 70% பட்டதாரிகள்’ என்று ஒரு வணிக நாளிதழ் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வாசகர் 50,000 பேர் என்றால் பட்டதாரிகள் 35,000. பத்து லட்சம் வாசகர் உள்ள ஒரு தமிழ் நாளிதழில் பட்டதாரிகள் 12% மட்டுமே என்றாலும் அது 1,20,000 பேர். எது மேல் என்பதை விழுக்காடு சொல்லாது, செலவோடு சேர்த்துப் பார்க்கும் எண்ணே சொல்லும். ‘குறியீடு 500’ என்பதுபோல வரும் எண்ணும் இப்படித்தான். மக்கள்தொகையில் 8% உள்ள ஒரு பிரிவு அந்த நாளிதழ் வாசகரில் 40% இருந்தால், நாற்பதை எட்டால் வகுத்து நூறால் பெருக்கி 500 என்று போடுவார்கள். செறிவைக் காட்டும் எண் அது. எத்தனை பேர் என்பதைக் காட்டாது.

என்சிசிஎஸ் பிரிவு, அதாவது குடும்பங்களை வாழ்க்கைத்தரப்படி தரம் பிரிக்கும் முறை. ‘வாசகரில் இத்தனை விழுக்காடு ஏ1, ஏ2’ என்று எல்லாத் தாளிலும் இருக்கும். குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பும், வீட்டில் உள்ள 11 பொருட்களில் எத்தனை இருக்கின்றன என்பதும் சேர்ந்து ஏ1 முதல் இ3 வரை பிரிவைத் தீர்மானிக்கின்றன. மின் இணைப்பு, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இருசக்கர வாகனம், குளிர்பதனப் பெட்டி, கார், ஏசி என்று போகும் அந்தப் பட்டியலில் விவசாய நிலமும் ஒன்று. வருமானம் எவ்வளவு என்று இதில் கேட்பதே இல்லை. ஆகவே எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, பருவத்தில் கோடிக்கணக்கில் மாங்காய் வாங்கி விற்கும் நம் ஊர் மண்டிக்காரர், மாதச் சம்பளம் வாங்கும் பட்டதாரியைவிடக் கீழ்ப்பிரிவில் விழக்கூடும். விலையுயர்ந்த கைக்கடிகாரம் விற்பவருக்கு இந்தப் பிரிவு பயன்படலாம். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை விற்கும் நமக்கு இதைவிட ‘தொழில்’ என்ற தலைப்பின் கீழ் வரும் அட்டவணையே முக்கியம்: தொழிலதிபர், மேலாளர், அலுவலர், மாணவர், ஓய்வுபெற்றவர் என்ற வரிசையில் முதல் இரண்டைக் கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள். வணிக நாளிதழைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும், பங்குச் சந்தைக்காகப் படிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலரும் நல்ல வாசகர்கள்தான். ஆனால் மாங்கூழ் பீப்பாய் வாங்கமாட்டார்கள்.

அச்சும் கைப்பேசியும் கலந்த எண். ‘எங்கள் எல்லைக்குள் இத்தனை கோடிப் பேர்’ என்று வந்தால், இணையதளம், செயலி, மின்னிதழ், தொலைக்காட்சி எல்லாவற்றையும் சேர்த்திருப்பார்கள். அச்சில் விளம்பரம் தருபவர் அச்சு எண்ணை மட்டும் பிரித்துக் கேட்க வேண்டும். மின்னிதழில் நம் பக்கமும் அப்படியே வரும் என்பது உண்மை. அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

4. நம் மாவட்டம் தாளில் இருக்காது

எந்த வாசகர் விவரத்தாளிலும் தருமபுரி என்றோ கிருஷ்ணகிரி என்றோ தனி வரி எதிர்பார்க்காதீர்கள். சென்னை, கோவை, அதிகம் போனால் மதுரை. மீதியெல்லாம் ‘பிற தமிழ்நாடு’. ஆனால் நம் பகுதிக்கு எந்தப் பதிப்பு வருகிறது என்பது பணத்தோடு தொடர்புடைய விஷயம். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர். ஒரே நாளிதழின் வெவ்வேறு பதிப்புகள் இந்த இரண்டு ஊர்களுக்கும் வரக்கூடும். நீங்கள் சென்னைப் பதிப்புக்குப் பணம் கட்டிவிட்டு, ஓசூரில் உங்கள் வாடிக்கையாளர் மேசையில் வேறு பதிப்பு கிடந்தால் அவர் உங்கள் விளம்பரத்தைப் பார்க்கப்போவதில்லை.

இதைச் சரிபார்க்க அலுவலகம் எதற்கும் போக வேண்டாம். அதிகாலையில் பேருந்து நிலையத்தருகே நாளிதழ் கட்டுகள் பிரிக்கப்படும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். ஒவ்வொரு கட்டின்மீதும் முகவர் பெயரும் பிரதி எண்ணிக்கையும் எழுதிய சீட்டு இருக்கும். தமிழ் நாளிதழ்களின் கட்டுகள் இடுப்பளவுக்கு அடுக்கப்பட்டிருக்க, ஆங்கில வணிக நாளிதழின் கட்டை முகவர் ஒரு கையால் தூக்கிச் சைக்கிள் கேரியரில் வைத்துவிடுவார். முதல் பக்கத்தின் மேல்மூலையில் எந்த ஊர்ப் பதிப்பு என்று அச்சாகியிருக்கும். முகவரிடம் பக்குவமாகக் கேட்டால், சிப்காட் பக்கம் எத்தனை, வங்கிகளுக்கு எத்தனை, வீடுகளுக்கு எத்தனை, திரும்பிப் போவது எத்தனை என்று மனக்கணக்காகவே சொல்வார். காசு கேட்கமாட்டார், அவர் பிரதி பிரித்து முடிக்கும்வரை காத்திருந்து பேசுங்கள், நடுவில் குறுக்கிடாதீர்கள்.

ஓசூரில் தொழில் நடத்துபவராக இருந்தால் ஹோஸ்டியா போன்ற சிறுதொழில் சங்கத்தில் ஏற்கெனவே விளம்பரம் தந்த உறுப்பினர் யாரேனும் இருக்கிறாரா என்று விசாரிப்பதும் பயன்தரும். எத்தனை அழைப்பு வந்தது என்பதை அவர்தான் உண்மையாகச் சொல்வார்.

5. வடிகட்டிய எண்ணும் உண்மைச் செலவும்

இப்போது கட்டண அட்டையை எடுங்கள். அச்சு விளம்பரத்துக்கு அகலத்தையும் உயரத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி, சதுர சென்டிமீட்டர் கட்டணத்தால் பெருக்குவார்கள். 16 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்றால் 400 சதுர செ.மீ. கட்டணம் 250 ரூபாய் என்று வைத்தால் 1,00,000 ரூபாய். கட்டண அட்டையில் உள்ளது பேரத்தின் தொடக்கப் புள்ளி மட்டுமே. 20% குறைத்துத் தந்தார்கள் என்று கொண்டால் 80,000. அச்சு ஊடகத்தில் விளம்பர இடத்துக்கு ஜிஎஸ்டி 5%, அதாவது 4,000. கட்ட வேண்டியது 84,000. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் அந்த 4,000-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் உண்மைச் செலவு 80,000.

இனி எதிர்ப்பக்கம். சென்னை, பெங்களூரு இரண்டு பதிப்புக்கும் சேர்த்துச் சராசரி இதழ் வாசகர் 60,000 என்க. தொழிலதிபரும் மேலாளரும் 20% என்றால் 12,000. அவர்களில் உணவு, பானத் துறையில் இருப்பவர் நாற்பதில் ஒருவர் என்று தாராளமாகவே வைத்தாலும் 300 பேர். 80,000 ரூபாயை 300-ஆல் வகுத்தால் ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 267 ரூபாய். அதுவும் அவர் அன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திருப்பினால்தான்.

அதே 300 நிறுவனங்களின் முகவரியைத் திரட்டி, விலைப்பட்டியலும் ஆய்வகச் சான்றும் வைத்துக் கூரியரில் அனுப்ப ஒன்றுக்கு 150 ரூபாய் ஆகும் என்றால் மொத்தம் 45,000. எங்கள் ஆலையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே எதையும் முடிவு செய்கிறோம். விளம்பரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்து, அவர்கள் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்றால் நேரடிக் கடிதம் மலிவு. யார் என்று தெரியாதபோதும், வங்கிக்கும் முதலீட்டாளருக்கும் உங்கள் பெயர் தெரிய வேண்டியபோதும், பொது மேலாளர் போன்ற உயர்பொறுப்புக்கு ஆள் தேடும்போதும் வணிக நாளிதழ் தன் விலையைத் திருப்பித் தரும்.

தமிழில் படிக்கும் தொழில்முனைவோர் உங்கள் இலக்கு என்றால், இந்து தமிழ் திசையின் வணிக வீதி, நாணயம் விகடன் போன்றவற்றின் விவரத்தாளையும் இதே முறையில் பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

6. காலம்

மாங்கூழுக்குக் கொள்முதல் ஒப்பந்தங்கள் பேசப்படுவது பருவம் தொடங்குவதற்கு முன்பு. காய் ஆலைக்குள் இறங்கத் தொடங்கிய பிறகு வரும் விளம்பரம் அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும். உங்கள் தொழிலில் வாங்குபவர் எப்போது முடிவெடுக்கிறார் என்று பார்த்து, அதற்கு இரண்டு மாதம் முன்பே விவரத்தாள் கேட்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். நிதியாண்டு முடியும் மார்ச்சில் விளம்பரப் பிரிவுகளுக்கு இலக்கு நெருக்கடி இருக்கும். பேரத்துக்கு நல்ல காலம் அது.

கிழமையும் முக்கியம். சந்தை விடுமுறை நாள்களிலும் நீண்ட வார இறுதியிலும் அலுவலகப் பிரதிகள் பிரிக்கப்படாமலேயே கிடக்கும். வேலை நாளொன்றைக் கேட்டு வாங்குங்கள். விளம்பர வடிவம் வெளியாகும் நாளுக்கு இரண்டு நாள் முன்பாவது போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பதற்றம் இருக்காது.

7. பொதுவாக விழக்கூடிய பள்ளங்கள்

‘ஓசூர் தொழில் சிறப்பு மலர்’ என்ற பெயரில் வரும் இணைப்பு எந்தப் பதிப்போடு, எத்தனை பிரதியோடு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். முதன்மை நாளிதழின் விவரத்தாளைக் காட்டிவிட்டு, ஒரு நகரத்துக்கு மட்டும் போகும் இணைப்பில் இடம் விற்பது வழக்கமான உத்தி. உங்கள் நிறுவனத்துக்கு விருது கிடைத்திருக்கிறது, அதன் செய்தியோடு கால் பக்க விளம்பரம் போட வேண்டும் என்று வரும் அழைப்புகளும் இதே குடும்பம்தான். விருதை மறுத்தால் எவரும் கோபித்துக்கொள்வதில்லை.

‘முதலிடம்’ என்ற சொல்லின் மேல் சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். எந்த ஊரில், எந்த வயதில், எந்தப் பிரிவில் முதலிடம் என்பது பக்கத்தின் அடியில் பொடியெழுத்தில் இருக்கும்.

மூன்றாவது பள்ளம் சட்ட அறிவிப்புகளில் இருக்கிறது. பெங்களூரில் பதிவு அலுவலகம் வைத்திருந்த நிறுவனத்தை ஓசூருக்கு மாற்றுகிறவர்கள் இப்போது பலர். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்றும்போது ஐஎன்சி-26 படிவத்தில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அது பதிவு அலுவலகம் இப்போது இருக்கும் மாவட்டத்தின் வட்டார மொழி நாளிதழிலும், அந்த மாநிலத்தில் பரவலாக விற்கும் ஆங்கில நாளிதழிலும் வர வேண்டும். அதாவது கன்னட நாளிதழும் கர்நாடகத்தில் விற்கும் ஆங்கில நாளிதழும். ஓசூரில் தமிழ் நாளிதழில் போட்டுவிட்டு விண்ணப்பித்தால் பணமும் நாளும் வீண். அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் விண்ணப்பம் தாக்கலாக வேண்டும் என்பதால், தவறான பதிப்பில் வந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். இங்கே வாசகர் விவரத்தாளுக்கு வேலையே இல்லை. விற்பனை எங்கே என்பது மட்டுமே கேள்வி. சட்ட அறிவிப்புக்கு உயர்பிரிவு வாசகரைக் காட்டி விலையுயர்ந்த பக்கத்தை விற்க வருபவரிடம் வணக்கம் சொல்லி விடைபெறுங்கள்.

8. ஒப்பந்தமும் ஆவணங்களும்

முடிவு செய்துவிட்டால் நீங்கள் தயாராக வைத்திருக்க வேண்டியவை: ஜிஎஸ்டி பதிவுச் சான்று, பான் அட்டை நகல், உத்யம் பதிவுச் சான்று, நிறுவனத் தலைப்புத்தாளில் விளம்பரம் வெளியிடக் கேட்கும் கடிதம், வணிகச்சின்னம் பயன்படுத்தினால் அதன் பதிவு நகல், உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தின் நகல். விளம்பர வடிவம் அச்சுக்கான நான்கு வண்ண முறையில், 300 டிபிஐ தெளிவில், பிடிஎஃப் கோப்பாக இருக்க வேண்டும். ஓசூரிலோ தருமபுரியிலோ ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் செய்து வாங்கிய படம் நாளிதழ்த் தாளில் மங்கலாக வரும். நாளிதழ் அளவுக்கென்று தனியாகச் செய்யச் சொல்லுங்கள்.

விளம்பர முகவர் நிறுவனம் வழியாகப் போனால், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு நாளிதழே 15% கழிவு தருவது நெடுநாள் வழக்கம். ஆகவே சேவைக் கட்டணம் என்று உங்களிடம் தனியாகக் கேட்டால் காரணம் கேளுங்கள்.

வெளியீட்டு ஆணையில் பதிப்பின் பெயர், தேதி, பக்கம், அளவு, வண்ணமா கறுப்புவெள்ளையா, கட்டணம், வரி ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். விவரத்தாளில் எந்த எண்ணை நம்பிப் பணம் தருகிறீர்களோ அந்த எண்ணையும், தேதி மாறினாலோ பதிப்பு விடுபட்டாலோ இலவசமாக மறுபடி வெளியிடுவோம் என்ற வரியையும் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தி வாங்குங்கள்.

9. வெளியான பிறகு

அன்றைய இதழின் பிரதியை அனுப்பிவைக்கும்படி கேளுங்கள். அதோடு, உங்கள் ஊர் முகவரிடமும் ஒரு பிரதி வாங்கி இரண்டிலும் விளம்பரம் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். விளம்பரத்துக்கென்று தனி கைப்பேசி எண் ஒன்றைப் போட்டிருந்தால், அதற்கு வரும் அழைப்புகளை ஊர், பொறுப்பு, கேட்ட அளவு என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த முறை பிரதிநிதி வரும்போது அந்த நோட்டு அவருடைய விவரத்தாளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

நாளிதழ் அனுப்பும் பட்டியலில் (இன்வாய்ஸ்) உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சென்னை அலுவலகம் பட்டியல் போட்டால் மத்திய, மாநில ஜிஎஸ்டி தலா 2.5%, பெங்களூரு அலுவலகம் போட்டால் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 5%. மொத்தம் ஒன்றே என்றாலும் வகை மாறிப் பதிந்தால் உள்ளீட்டு வரி எடுப்பதில் சிக்கல் வரும். அடுத்த மாதம் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அது வந்திருக்கிறதா என்று கணக்காளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விளம்பரத்துக்குத் தரும் பணத்தில் வருமான வரிப் பிடித்தமும் உண்டு. ஒரே பட்டியல் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஆண்டு முழுவதும் ஒருவருக்கே தருவது 1,00,000 ரூபாயைத் தாண்டினாலோ பிடிக்க வேண்டும். பெறுபவர் தனிநபர் என்றால் 1%, நிறுவனம் என்றால் 2%. கூட்டு நிறுவனமும் கம்பெனியும் கட்டாயம் பிடிக்க வேண்டும். தனிநபர் தொழில் என்றால் முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டியிருந்தால் மட்டும். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டிய பட்டியலில் வரியில்லாத தொகைக்கே பிடித்தம். மேலே சொன்ன கணக்கில் 80,000-க்கு 2% என்றால் 1,600 பிடித்துக்கொண்டு 82,400 செலுத்துவீர்கள். பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நாள் உண்டு.